நல்ல நெட் எது? முதலில், உங்கள் தெரு எது?

"இங்கே எந்த நெட் நல்லா இருக்கும்?" பாலவாக்கத்துக்குக் குடிவரும் இளைஞர்கள் தண்ணீருக்கு அடுத்து விசாரிப்பது இதைத்தான். ஜியோ என்பார் ஒருவர், ஏர்டெல் என்பார் இன்னொருவர். ஏ.சி.டி., பி.எஸ்.என்.எல்., உள்ளூர் கேபிள்காரர் என்று பட்டியல் நீளும். எல்லாப் பதிலும் ஓரளவு உண்மைதான். நிறுவனத்தின் தரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கம்பி நம் தெருவுக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதன் தரம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் பிரமாதமாக ஓடும் ஓர் இணைப்பு, கடலோரச் சந்து ஒன்றில் தள்ளாடலாம், அல்லது அங்கே வராமலே போகலாம்.

எனவே நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டுக் கம்பியிலிருந்து தொடங்குவோம். வீட்டுக்கு ஃபைபர் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில், நிலையத்திலிருந்து வரும் ஒற்றை ஃபைபர் இழை வழியில் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. பரவலாக உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில் அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு விநாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட். இறக்கத்துக்கு மட்டும்தான் அவ்வளவு. ஏற்றத்துக்கு அதில் பாதி. இதை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே விளம்பரத்தில் உள்ள 100 எம்.பி.பி.எஸ். என்பது உச்சவரம்பு. இரவு ஒன்பது மணிக்கு, தெருவே தொடர் பார்க்கும் நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதே உங்கள் வேகம். பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த நேரத்தில் ஒருமுறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு முறையும் உண்டு. ஃபைபர் தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் கம்பி வரும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். உங்கள் வீட்டில் யு.பி.எஸ். இருந்தாலும் பெட்டி இருக்கும் இடத்தில் கரண்ட் போனால் நெட் போய்விடும். போதாக்குறைக்கு இது கடற்கரை. உப்புக் காற்று செம்புக் கம்பியையும் அதன் இணைப்பு முனைகளையும் அரிக்கும், கண்ணாடி இழையை அப்படி அரிக்காது. விற்பனைக்கு வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஃபைபர் வீட்டுக்குள் வருகிறதா, பெட்டியோடு நிற்கிறதா? மழுப்பினால் பெட்டியோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஏற்ற வேகம். நேர்காணல், இணையவழி வாய்மொழித் தேர்வு, வீட்டிலிருந்து வேலை எல்லாமே நம் முகமும் குரலும் வெளியே போவதைப் பொறுத்தவை. விளம்பரப் பலகைகளில் பெரும்பாலும் இறக்க வேகம் மட்டுமே பெரிதாக இருக்கும். 'அன்லிமிடெட்' என்பதற்கும் வரம்பு உண்டு. பெரிய நிறுவனங்களின் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜி.பி.யைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். சாதாரண வீடு அதைத் தொடாது. பத்துப் பேர் சேர்ந்து தங்கும் அறையில் தொடலாம். சட்டத்திடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்: ஒன்றிய அரசு 2023-இல் பிராட்பேண்டுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச இறக்க வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்தான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவர் லைன்மேன். சாலை விரிவாக்கத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டிக்கொண்டே இருக்கும் பகுதி இது. கம்பி அறுபடும், நிச்சயம் அறுபடும். அறுந்தால் யார் வருகிறார், எத்தனை நாளில் வருகிறார் என்பதே நம்பகத்தன்மை. அதை நிறுவனத்தின் செயலி சொல்லாது, தெருவாசிகள் சொல்வார்கள். வருபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியரே இல்லை. ஒப்பந்ததாரரின் ஆள். வண்டி அவருடையது. மின்கம்பிகளுக்கு நடுவே கையுறைகூட இல்லாமல் ஏணியில் நிற்பார். எங்கள் பகுதிக்கு வரும் தம்பி ஒருமுறை சொன்னார்: "அண்ணா, ரேட்டிங் அஞ்சு போடுங்க, இல்லேன்னா எனக்குத்தான் கட் பண்ணுவாங்க." நாம் நிறுவனத்துக்கு என்று நினைத்துக் கொடுக்கும் குறைந்த நட்சத்திரம் அவர் கூலியில் போய் விழுகிறது. கோபத்தை எழுத்துப் புகாராக நிறுவனத்துக்கு அனுப்புங்கள், அவருக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம், ரவுட்டர் இலவசம், பொருத்தும் கட்டணம் இல்லை. மாதாமாதம் கட்டுபவர் இவை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கொடுப்பார். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வரும் ஆய்வு மாணவருக்கும், நாள்கூலி வீட்டுக்கும், பணம் இல்லாததற்கே அபராதம் இது. ஆனாலும் புதிய இடத்தில் முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்திலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன். ஆண்டுக் கட்டணம் கட்டியவரின் புகாருக்கு மதிப்புக் குறைவு, அவர் எங்கும் போய்விட முடியாது.

இதுவரை சொன்னது எல்லாம் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உள்ளவர்களுக்கு. அந்த வாய்ப்பு முதலில் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை வீட்டுக்காரருக்கு ஒப்பந்தம்தான் சான்று. எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்டு வீடு தரும் ஊரில், ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்கும் துணிச்சல் எல்லோருக்கும் வருமா? கிடைத்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சுவரில் துளையிட அனுமதி கேட்பது அதற்கும் அடுத்த படி. புறம்போக்கு என்று பதிவான மண்ணில் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கு ஆவணச் சிக்கல் வேறு வடிவில் வரும்.

ஆவணம் இருந்தாலும் கடைசியில் ஒரு சொல் வந்து நிற்கும்: "ஃபீசிபிள் இல்லை." முதுகலை படிக்கும் தங்கை ஒருத்திக்காக நான் ஒரு நிறுவனத்திடம் பேசியபோது கிடைத்த பதில் அது. அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள குடியிருப்பில் அதே நிறுவனம் கம்பி இழுத்திருந்தது. முகவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: "அந்தப் பக்கம் போட்டா அஞ்சு கனெக்‌ஷன்கூட எடுக்க மாட்டாங்க சார், ஒழுங்கா கட்டவும் மாட்டாங்க." அவர் சாதிப் பெயர் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நிறுவனம் கணக்குப் பார்ப்பது தெருவை. அந்தத் தெரு யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

அமெரிக்காவில் இதற்குப் பெயரே இருக்கிறது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்புக் கோடிட்டு வீட்டுக்கடன் மறுத்த 1930-களின் வரைபடங்களை நினைவூட்டி 'டிஜிட்டல் சிவப்புக்கோடு' என்கிறார்கள். 'தி மார்க்கப்' என்ற ஊடகம் 2022-இல் ஏ.டி.&டி., வெரைசன் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களின் சலுகைகளை முகவரி முகவரியாகத் திரட்டி ஆராய்ந்தது. ஒரே விலைக்கு ஏழைப் பகுதிகளுக்கும் வெள்ளையர் குறைவாக உள்ள பகுதிகளுக்கும் குறைந்த வேகம் தரப்படுவதை அது பல நகரங்களில் காட்டியது. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் இத்தகைய பாகுபாட்டுக்கு எதிராக விதிகள் இயற்றியது. பாகுபாடு நோக்கத்தில் இல்லாமல் விளைவில் மட்டும் இருந்தாலும் கேள்வி கேட்கலாம் என்பது அவ்விதிகளின் சாரம். நம்மிடம் எண்ணி நிறுவத் தெருவாரியான தரவு பொதுவெளியில் இல்லை. நிறுவனம் எந்தத் தெருவுக்குப் போகிறது, எதைத் தவிர்க்கிறது என்பது வணிக ரகசியம்போலக் கிடக்கிறது.

"அதான் மொபைல் டேட்டா இருக்கே" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசும் அப்படித்தான் யோசித்தது. கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. இலவசம் என்று அறிவித்தது. அந்த நேரத்தில் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிரும் வீட்டில் அந்த 2 ஜி.பி. யார் கையில் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆய்வேட்டைக் கைப்பேசியில் எழுத முடியாது. வீட்டு இணைப்பு ஒரே நேரத்தில் எல்லோருக்குமானது. பெண் பிள்ளைக்கு அது யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாத நெட்.

பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலை, தகவல் தொழில்நுட்பத்தின் பெருவழி. அதன் ஓரத்தில்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும், சற்று உள்ளே பெரும்பாக்கமும் இருக்கின்றன. ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் அகற்றிக் கொண்டுவந்து குவிக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகள். அந்த முகவரியைச் சொன்னால் வேலையும் கடனும் மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். இன்னொரு பக்கம், சிங்கப்பூரிலிருந்தும் அந்தமானிலிருந்தும் வரும் கடலடிக் கம்பிகள் கரையேறுவது சென்னைக் கடற்கரையில். 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கம்பியின் நீளம் மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கடலைக் கடந்து வருவது சில சந்துகளைக் கடக்க முடியாமல் நிற்கிறது.

1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்களை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடை இல்லை என்பது அதன் உள்ளடக்கம். நிறைவேறியது, அரசாணையும் ஆனது. கிணற்றில் நீர் மொள்ளவிடாமல் அடித்ததையும் ஓர் இணைப்பு மறுக்கப்படுவதையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் எது 'பொது' என்ற கேள்வி அன்றுபோல் இன்றும் இருக்கிறது. இணையம் தனியார் சரக்கு என்றால் முகவரின் கணக்கு சரிதான். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு அந்தக் கணக்கு மட்டும் போதாது.

அரசு என்ன செய்கிறது? பாரத்நெட் ஊராட்சிகளுக்கானது. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் மூலம் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் திட்டம் அது. பாலவாக்கம் 2011-இல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, கண்ணகி நகரும் மாநகராட்சிதான். நகரம் என்பதால் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள், சந்தையோ 'ஃபீசிபிள் இல்லை' என்கிறது. கேரளம் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன், நகரம் கிராமம் என்று பிரிக்காமல் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காக வைத்தது. எட்டிய தூரம் குறைவு என்ற விமர்சனம் அதன் மீது உண்டு. ஆனாலும் அங்கே இலக்காவது இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு எல்லோருக்குமான சேவைக்கென்று வசூலிக்கப்படுகிறது. இப்போது டிஜிட்டல் பாரத் நிதி எனப்படும் அந்த நிதியை, சேவை எட்டாத நகர்ப்புறங்களுக்கும் செலவிடலாம் என்று 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. நம் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றம் போனவர்கள் கண்ணகி நகருக்காகவும் மீனவர் குப்பங்களுக்காகவும் அந்த வரியைப் படித்துக் காட்டலாம்.

இணைப்பு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழுதானால் போனில் கத்துவதோடு விடாமல் புகார் எண்ணை வாங்குங்கள். மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு கேளுங்கள், டிராய் விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அது விசாரிக்க முடியாது என்ற நிறுவனங்களின் வாதத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இணைப்பு இல்லாதவர்களுக்காகச் செய்ய வேண்டியது வேறு. தெருவில் கம்பி இழுக்க, பள்ளம் தோண்ட நிறுவனங்கள் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே எந்த நிறுவனம், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்ற பதிவு மாநகராட்சியிடம் இருந்தாக வேண்டும். தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். பாலவாக்கத்துக்கான விண்ணப்பத்தை நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் தோழர்கள் தங்கள் பகுதிக்கும் எழுதினால், பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் வரையலாம்.