பதினோரு கடிகாரங்களும் ஒரு தோசைக்கல்லும்

அம்பத்தூரில் எங்கள் நண்பர் ஒருவர் வங்கிக் கடனில் வீடு கட்டிக் குடிபுகுந்த நாளில் அவருக்கு வந்து சேர்ந்த சுவர்க் கடிகாரங்கள் பதினொன்று. அவற்றுள் நான்கு ஒரே அச்சு. ஓ.டி. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் வாங்கி, பளபளக்கும் தாள் சுற்றி, மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்தாலொழிய யார் கொடுத்தது என்று அறிய முடியாதபடி அவை அடுக்கப்பட்டிருந்தன. இரண்டைச் சுவரில் மாட்டிவிட்டு மிச்சத்தைப் பரணில் ஏற்றிய நண்பர், அடுத்தடுத்து வரும் திருமணங்களுக்கு ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறார். அதிலொன்று எங்களுக்கே வந்தது. முதலில் அதைக் கொடுத்தவர்கள் நாங்கள்தானோ என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

இந்தச் சுற்றோட்டத்துக்குப் பரிசளித்தல் என்று பெயர் சூட்டியிருப்பதைத்தான் நாங்கள் மறுக்கிறோம். பரிசு என்றால் கடையிலிருந்துதான் வரவேண்டும், புத்தம் புதிதாக இருக்கவேண்டும், விலைச்சீட்டைக் கிழித்த தடம் மட்டும் இருக்கலாம் என்கிற விதியை யார் எழுதினார்கள்? கடையெழு வள்ளல்களை மேடைதோறும் முழங்குகிற சமூகம் நாம். பாரி முல்லைக்குத் தந்தது தான் ஏறிவந்த தேர். கொம்பு நட்டுப் பந்தல் போட ஆள் அனுப்பவில்லை. பேகன் மயிலுக்குப் போர்த்தியது தன்னுடைய போர்வை. அதியமான் ஔவைக்குக் கொடுத்தது தானே உண்டிருக்கக்கூடிய நெல்லிக்கனி. மயிலுக்குக் குளிருமா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அம்மூவரும் கொடுத்த பிறகு அவர்களிடம் ஒன்று குறைந்திருந்தது என்பதே எங்களுக்கு முக்கியம்.

எங்கள் வட்டாரத்திலேயே இதற்கு எதிர்க்கதை ஒன்று உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலில், யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்டினான் என்கிறது தலபுராணம். கொடியின் அடியில் இலிங்கம் வெளிப்பட, பதறிக் கோயில் எடுத்தான். கருவறைக்கு முன்னுள்ள எருக்கந்தூண்கள் இரண்டும் தோற்ற குறும்பர்களின் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பது ஐதீகம். அங்கே பாரி முல்லைக்குத் தன் தேரைத் தந்தான். இங்கே முல்லையை வெட்டியவன் பிறர் வீட்டுத் தூணைத் தந்தான். இன்றைய பரிசளிப்பு இந்த இரண்டாம் மரபையே சேர்ந்ததோ என்று சில நேரங்களில் தோன்றும்.

இலக்கிய உலகமும் யோக்கியமானதன்று. கூட்டம் முடிவதற்குள் பேச்சாளரின் தோளில் விழும் பொன்னாடைகளை அவரால் உடுத்தவும் முடியாது, போர்த்தவும் முடியாது. 2017இல் தி.மு.க. செயல் தலைவரான மு.க. ஸ்டாலின், சால்வைக்குப் பதில் புத்தகம் தருமாறு தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார். வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் கொடுப்பவரே பிரித்துப் பாராத புத்தகம் சால்வையைவிட எவ்வகையில் மேல் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

வேறு எதைத்தான் கொடுப்பது என்று கேட்பீர்கள். பழகிய தோசைக்கல்லைக் கொடுங்கள். புதுமணத் தம்பதிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கடையில் வாங்கும் இரும்புக்கல்லில் முதல் மாதம் முழுக்க மாவு ஒட்டிக் கிழியும். எண்ணெய் சூட்டில் இறுகி, மெல்லிய படலமாக இரும்பின்மேல் படிந்து, படிந்ததன்மேல் மீண்டும் படிந்து கல் பழக மாதங்கள் ஆகும். அந்தக் கருமையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. 1960களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில், ஓய்வுபெறும் கடைசல்காரர் தம் பெயரைக் கீறி வைத்திருந்த மைக்ரோமீட்டரைப் பயிற்சிக்கு வந்த பையனின் கையில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே வண்ணத்தாளும் இல்லை, புகைப்படமும் இல்லை. பூந்தமல்லிக்காரர்கள் தங்கள் கொல்லை மல்லிகையின் பதியனைக் கொடுக்கலாம். அவ்வூரில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் தம் நந்தவனத்துப் பூவைக் காஞ்சி வரதனுக்குக் கொண்டுபோனவர் என்பதால் இது ஊர் வழக்கமும்கூட.

வாசகர்களுக்கென்றே நாங்கள் பரிந்துரைப்பது, வீட்டில் தைத்துக் கட்டிய தொடர்கதைத் தொகுப்பு. வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, காலிகோ அட்டை போட்டுக் கட்டிய தாத்தாக்களும் பாட்டிகளும் பல வீடுகளில் இருந்தார்கள். 1950களில் 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை மணியத்தின் சித்திரங்களோடு, பின்பக்கத்து விளம்பரங்களோடு, ஓரத்தில் யாரோ போட்ட கணக்கோடு படிப்பது வேறு அனுபவம். நேற்று அச்சான பதிப்பில் அது கிடைக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தது இப்படிப்பட்ட பழந்தாள்களைத்தான். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்க, 1994இல் அது நூலகமாகத் திறந்தது எங்கள் பக்கத்து முகப்பேரில். பின்னர்தான் தரமணிக்குப் போனது. பழைய காகிதக்காரரின் தராசில் எத்தனை முத்தையாக்கள் எடைபோடப்பட்டார்கள் என்பதை நினைக்கவே கசக்கிறது.

நாங்கள் அஞ்சுகிற எதிர்ப்பு ஒன்றுண்டு. பழையதைக் கொடுப்பது அவமதிப்பு என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நம் ஊரில் பயன்படுத்திய பொருள் எப்போதும் மேலிருந்து கீழாகவே பாய்ந்திருக்கிறது. கிழிந்த புடவை, ஊசிப்போகவிருக்கும் குழம்பு, ஒரு கால் ஆடும் நாற்காலி எல்லாம் வீட்டுவேலை செய்பவருக்கு. எங்கள் தெருவில் ஒரு தீபாவளியன்று, தனக்கு நீட்டப்பட்ட பழம்புடவைப் பையை வாயிற்கதவிலேயே மாட்டிவிட்டுப் போனார் ஓர் அம்மா. கொடுத்த வீட்டார் அதைத் திமிர் என்றார்கள். நாங்கள் அதைத் தன்மானம் என்கிறோம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் சாலையோரங்களில் குவிந்து மழையில் நைந்த பழந்துணிகளை நினைத்துப்பாருங்கள். மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தபோதும் நாம் வியப்படைந்தோம். அலமாரியைக் காலிசெய்து முடித்த நிம்மதிக்குக் கருணை என்று பெயரிட்டுக்கொண்டோம்.

ஆகவே சொந்தப் பொருளைக் கொடுக்கச் சொல்லும் எங்கள் யோசனைக்கு இரண்டு சோதனைகள் உண்டு. இதே பொருளைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க முடியுமா? கொடுத்த மறுநாள் காலையில் கை அதைத் தேடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் கொடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். முதலாவதற்கு இல்லை என்றால் அது குப்பை. குப்பைத்தொட்டி தெருமுனையில் இருக்கிறது, வேலைக்கு வரும் பெண்ணின் கையில் இல்லை. தீபாவளிக்கு அவருக்குத் தரவேண்டியது போனஸ். அது பரிசுக் கணக்கில் வராது, கூலிக் கணக்கு.

கொடுத்த பொருளில் கொடுத்தவரின் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற பழங்குடி நம்பிக்கையை வைத்து மார்சல் மோஸ் 1925இல் கொடைபற்றிப் பெரிய ஆய்வே எழுதினார். பரண் கடிகாரத்தில் ஒட்டியிருப்பது கடைக்காரரின் விரல்ரேகை மட்டுமே.

எங்களுக்கு இதை உபதேசிக்கத் தகுதி உண்டா என்றால், பாதிதான். எங்களில் ஒருவர் மாமியாரிடம் தோசைக்கல்லைக் கேட்டுப் பார்த்தார். "நான் இருக்கிறவரைக்கும் அதைக் கேக்காதீங்க மாப்ளே" என்று பதில் வந்தது. இன்னொருவரிடம் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ்கள் சில இருக்கின்றன. ஆவடியில் ஓர் இளம் வாசகர் அவற்றைப் படித்துத் திருப்பித்தருவதாகக் கேட்டு ஓராண்டாகிறது. அவருக்கே கொடுத்துவிடுவது என்று மூன்று முறை முடிவெடுத்தாயிற்று. சென்ற மாதம் அவர் திருமணத்துக்குப் போனபோது, பை முழுக்க இதழ்களோடு போய், மொய் எழுதிவிட்டு, பையோடு திரும்பி வந்தோம்.