கையுறை கொடுத்தாச்சு... அப்புறம்?

தூய்மைப் பணியாளர்களுக்கு நோய் வருகிறது என்று யாராவது பேச்செடுத்தால் போதும், "கையுறை கொடுத்தா போட மாட்டேங்கிறாங்க சார்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. காண்டிராக்டர் சொல்கிறார், அதிகாரி சொல்கிறார், பால்கனியில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் சொல்கிறார்.

சொல்பவர்கள் சென்னை வெயிலில் ரப்பர் கையுறையோடு அரை மணி நேரம் குப்பை அள்ளிப் பார்க்கட்டும். வியர்வையில் விரல்கள் ஊறிப்போகும், பிடி வழுக்கும். பொறுத்துக்கொண்டு போட்டாலும் மெல்லிய ரப்பரை ஊசி துளைத்துவிடும்.

அந்த ஊசி ஆஸ்பத்திரியிலிருந்து மட்டுமா வருகிறது? வீட்டில் போடும் இன்சுலின் சிரிஞ்ச், சுகர் பார்க்கும் ஊசி, ஷேவிங் பிளேடு, உடைந்த டியூப்லைட்... எல்லாம் நேற்றைய சாம்பார் சாதத்தோடு ஒரே கறுப்புக் கவரில் முடிச்சுப் போட்டு வருகிறது. முடிச்சை அவிழ்ப்பது மனிதக் கை. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ஊசிக் குத்து வழியாகப் பரவக்கூடியவை. வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்தாயிற்று. பிரிக்கும் வேலை மட்டும் இன்னும் வண்டி தள்ளுபவர் தலையில்!

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதம். நடுவில் காண்டிராக்ட் கை மாறினால் மூன்றாவது ஊசி யார் கணக்கில்? (சி-க்குத் தடுப்பூசியே கிடையாது.)

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். லாரிக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறார்கள். பணியாளரின் முதுகு, நுரையீரல், கல்லீரல் தேய்வதற்கு எந்தத் தலைப்பும் இல்லை. விபத்து என்றால் தேதி இருக்கும், எஃப்.ஐ.ஆர். இருக்கும். பல வருடம் கழித்துக் கெட்டுப்போகும் கல்லீரலுக்கு எந்தத் தேதியைக் காட்டுவது, எந்தக் கம்பெனியிடம் போய் நிற்பது?

2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் நள்ளிரவில் அப்புறப்படுத்தியது. மறுநாளே, அவர்களுக்கு வரும் தொழில்சார் நோய்களுக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம் என்று அரசு அறிவித்தது. ஆக, வேலையால் நோய் வருவது அரசுக்கே தெரியும். தெரிந்த பிறகும் பேச்சு ஏன் கையுறையிலேயே நிற்கிறது?

வருடாந்திர ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, காண்டிராக்டர் மாறினாலும் மாறாத மருத்துவ அட்டை. இந்தச் செலவையும் டெண்டரில் காட்டச் சொல்லட்டும். அப்புறம் எத்தனை கம்பெனி 'குறைந்த விலை' கேட்டு வருகிறது என்று பார்க்கலாம்.