ஃபுல்டனுக்கு முந்திய படகு

நீராவிப் படகு என்றால் வினாடி வினாவில் ராபர்ட் ஃபுல்டனுக்கே மதிப்பெண். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர் ஹட்சன் ஆற்றில் படகு விட்டது 1807-இல். 1787-லேயே டெலவேர் ஆற்றில் ஜான் ஃபிட்ச் நீராவியைத் துடுப்புப் போட வைத்துவிட்டார். 1790-இல் பயணிகளையும் ஏற்றினார். ஆள் சேரவில்லை, கடன்தான் சேர்ந்தது. ஃபுல்டனுக்கோ லிவிங்ஸ்டன் என்ற பணக்காரப் பங்காளி வாய்த்தார். தொழில்நுட்பம் மட்டும் படகை ஓட்டாது என்பது பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. அந்தப் பக்கம் 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் கன்னியாகுமரியை எட்டவேண்டியது. பூவாறிலிருந்து மண்டைக்காட்டுப் பக்கம் வரை வந்து நின்றுவிட்டது. பத்மநாபசாமி, மகாராணி, மகாராஜா என மூன்று பெயர்கள் துணைக்கு இருந்தும்!