பழைய சிந்தசைஸரா, புதுசா? ஆம்பூர் தோலைக் கேட்டுப் பாருங்க!

ஆம்பூரில் போய் 'சிந்தெடிக்' என்று சொன்னால், ஷூ கம்பெனி ஆட்களுக்கு ரெக்ஸின்தான் ஞாபகம் வரும். அசல் தோலில் ஆட்டுக்கு முள் கீறிய வடு இருக்கும், உண்ணி கடித்த தடம் இருக்கும். ரெக்ஸினில் ஒரே டிசைன் அச்சடித்த மாதிரி திரும்பத் திரும்ப வரும்.

சிந்தசைஸர் ரசிகர்களிடையே பல வருடமாக ஓடும் பஞ்சாயத்தும் இதேதான்!

பழைய அனலாக் சிந்தசைஸரில் மின் அலையே ஒலியாகிறது. டிஜிட்டலில் அந்த அலையை எண்களாகக் கணக்குப் போட்டு உருவாக்குகிறார்கள். 1981-ல் வந்த ரோலண்ட் ஜூபிட்டர்-8-ல் ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ஆஸிலேட்டர்கள் சேர்ந்து ஒலிக்கும். இரண்டுக்கும் சுருதியில் நூலிழை வித்தியாசம் இருக்கும். அந்த உரசலைத்தான் 'கதகதப்பான சவுண்டு' என்று கொண்டாடுகிறார்கள்.

ஆனால், அதே கருவிகளுக்குச் சூடு ஆகாது. டிரான்சிஸ்டர் சூடேறினால் சுருதி நகரும். 'வெயிலூர்' என்று கேலி செய்யப்படும் வேலூரில், மே மாதக் கல்யாணக் கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். பாடகர் ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி! 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்ததும் உலகமே டிஜிட்டலுக்குத் தாவியதில் ஆச்சரியமில்லை.

ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் 'ஸ்ஸ்' சத்தத்துக்காக, பழுதானது என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் பொருத்தினார்கள். தயாரிப்புத் தரம் உயர்ந்ததும் அந்தப் 'பழுது' கிடைக்கவில்லை. 1983-ல் 808 உற்பத்தியே நின்றுவிட்டது.

இந்தக் கருவிகளை வைத்து நம் நாட்டில் ஒருவர் பெரிய காரியம் செய்திருக்கிறார். மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் ஜூபிட்டர்-8, 808, டிபி-303 மூன்றையும் வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை ஓர் ஆல்பமாக வெளியிட்டார். 303-ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். ராகத்துக்கு அது அல்வா! ஆனாலும் ஆல்பம் விற்கவில்லை. சில வருடங்கள் கழித்து, சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர் வாங்கினார்கள். சிங்கின் ஆல்பம் 2010-ல் மறுபடி வெளியான பிறகுதான் உலகம் வாய் பிளந்தது. 2015-ல் அவர் காலமானார்.

இன்றைய கருவிகளும் ஆப்களும் பழைய சர்க்யூட்டின் தள்ளாட்டத்தைக்கூட சாஃப்ட்வேரில் போலச் செய்கின்றன. ரெக்ஸினில் உண்ணித் தடம் அச்சடிக்கிற வேலை! ஆனால் கிண்டல் செய்யவும் முடியாது. ஒரு நல்ல ஜூபிட்டர்-8 இப்போது பல லட்சம் ரூபாய். கல்யாணக் கச்சேரியில் வாசிப்பவருக்கு அது கட்டுப்படியாகுமா? பாட்டில் மற்ற வாத்தியங்களோடு கலந்துவிட்டால், பல காதுகளுக்கு வித்தியாசமும் தெரியாது.

சந்தேகம் இருந்தால், இரண்டையும் யூடியூபில் கேட்டுப் பாருங்கள். ஹெட்போன் கட்டாயம். 808-ன் பேஸ் அடி, போன் ஸ்பீக்கரில் சரியாகவே கேட்காது.