வெறுங்கையும் வெட்டரிவாளும்

உழைக்க விரும்பும் கைக்கு வேலை தராத நாடு, அக் கையைப் பிறர் பற்றிக்கொள்ள விட்டுவிடுகின்றது. ஏரையோ எழுதுகோலையோ பிடிக்க வேண்டிய கை வறிதே தொங்கும்பொழுது, சாதித் தலைவன் அதில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகின்றான். அடுத்து அரிவாளைக் கொடுக்கின்றான். தென்மாவட்டங்களில் முப்பது ஆண்டுகளாக நாம் கண்டுவரும் கொடுங்காட்சி இது.

1995 தொடங்கிச் சில ஆண்டுகள் அம் மாவட்டங்கள் சாதிப் பூசலால் எரிந்தன. 1997-இல் போக்குவரத்துக் கழகமொன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பெற்றதைப் பொறாது மோதல் மூண்டது. அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் நீக்கிற்று. பெயர்ப்பலகைகள் மாறின, மனங்கள் மாறவில்லை.

அப் பூசல்களின் வேரை ஆராய்ந்த மேனாள் நடுவர் இரத்தினவேல் பாண்டியன் குழு, இளைஞரின் வேலையின்மையைச் சுட்டித் தொழிற்சாலைகள் வேண்டும் என்றது. நாங்குநேரியில் ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம் தொழிற்பூங்காவுக்கென ஒதுக்கப்பெற்றது. 2023 வரையிலும் பேரளவான தொழில் எதுவும் அம் மண்ணில் வேரூன்றவில்லை. அவ்வாண்டு அதே நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், உடன்பயின்ற மாணவரே வீடு புகுந்து வெட்டினர்!

வேலையின்மையே சாதிவெறிக்கு முழுக் கரணியம் என்று யாம் கூறவில்லை. அங்கு அரிவாள் தூக்கியோர் வேலை தேடும் அகவையினரல்லர், பள்ளிப் பிள்ளைகள். கைநிறைய வருவாய் உடையோரும் சாதியைப் போற்றக் காண்கின்றோம். ஆனால், படித்து முடித்த தமையன் ஊர் முனையில் வாளா அமர்ந்திருக்கக் காணும் தம்பிக்குக் கல்வி என்ன பெருமையைத் தரும்? வேறு பெருமை அற்றவனுக்குப் பிறப்பே பெருமையாகி விடுகின்றது. சாதி நெருப்பு, வேலையின்மை அதற்கு இடும் உலர்ந்த விறகு.

2024 சூன் திங்களில் நடந்த நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதற்கண் அறிவிக்கப்பெற்ற இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 இலக்கத்திற்கும் மேல். ஓரிடத்திற்கு முந்நூற்றுவர்க்கு மேல்! இடம் கிட்டாத ஒவ்வோர் இளைஞனிடமும், 'உன் இடத்தை அந்தச் சாதிக்காரன் பறித்துக்கொண்டான்' என்று ஓத ஒருவன் காத்திருக்கின்றான். இல்லாத இடத்தை எவனும் பறிக்க முடியாது என்னும் எளிய கணக்கை மட்டும் அவன் சொல்வதில்லை.

நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அமைக்கப்பெற்ற மேனாள் நடுவர் சந்துரு குழு, மாணவர் கைகளில் சாதிக் கயிறு கூடாதென 2024-இல் பரிந்துரைத்தது. நன்று, அறுக்கத்தான் வேண்டும். அறுத்த கையில் எதைக் கொடுக்கப் போகின்றோம் என்பதே நம் வினா. ஒதுக்கிய நிலத்தில் தொழிலை எழுப்புக. அங்கு அம் மண்ணின் மக்களை அமர்த்துக. எல்லாக் குடியினரும் ஒரே பொறியின்முன் தோளொட்டி நின்று உழைக்கட்டும் என்று அரசை வலியுறுத்துகின்றோம்.

தமிழ் இளைஞனே! உன்னைப் போலவே வேலையின்றி எதிர்த்தெருவில் நிற்பவன் உன் பகைவனல்லன், உன் உடன்பிறப்பு. உங்கள் இருவர் வறுமையிலும் குளிர்காய்பவன் எவனோ, அவனே இருவர்க்கும் பகைவன். கயிற்றை அறுத்தெறி; அவன் கையைப் பற்று. இருவரும் தமிழராய் இணைந்து நின்று வேலை கேளுங்கள். சாதியாய்ப் பிரிந்து கேட்டால் அரிவாள்தான் கிடைக்கும்.