வீடு காத்திருக்கும், காது காத்திருக்காது

கிழக்கிலே எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பெண் பிள்ளை பிறந்தால், அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற கவலையும் கூடவே பிறந்து விடுகிறது. கல், மண், சீமெந்து, காப்பு, சங்கிலி என்று பதினைந்து இருபது வருடம் சேர்ப்பார்கள். சேமிப்பு என்றால் நமக்குத் தெரிந்த முறை இதுதான்: கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது, முழுதாகச் சேர்ந்த பிறகு செலவழிப்பது. வீட்டுக்கும் நகைக்கும் இது பொருந்தும். காது கேளாத குழந்தை இருக்கும் வீட்டில் இதே முறையைப் பின்பற்றினால் பிள்ளைதான் நட்டப்படும் என்பது என் கருத்து.

என் தம்பிக்கு இரண்டு காதிலும் கேட்கும் சக்தி குறைவு. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "ஆம்பிளப் புள்ள, பேசச் சுணங்கும்" என்று ஊரில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். 2021இன் கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசில்லை. ஆனால் அவனுக்குத் தேவையான கருவியை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒரு காதுக்கே ஓர் இலட்சத்துக்கு மேல் கேட்டார்கள். வாப்பா மேசன் வேலை செய்பவர். உம்மா தைத்துக் கொடுப்பார். "சேர்த்து வாங்குவோம்" என்று தொடங்கினார்கள். அடுத்த வருடம் நாடு விழுந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை போனது. காதுக் கருவி வெளிநாட்டுச் சாமான். நாங்கள் சேர்த்ததைவிட வேகமாக விலை ஓடியது.

விலையைவிட வேகமாக ஓடியது தம்பியின் வயது. குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைப் பரிசோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிப்படுத்த வேண்டும், ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. மொழி வந்து உட்காரும் காலம் முதல் சில வருடங்கள்தான். அந்தக் காலத்தில் சத்தமும் இல்லாமல், சைகை மொழியும் இல்லாமல் ஒரு குழந்தையை வைத்திருந்துவிட்டுப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கிக் கொடுத்தாலும், போன வருடங்கள் அதனுடன் சேர்ந்து வராது. (சைகை மொழியைத் தெரிவு செய்யும் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். அதையும் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும். அது வெட்கப்பட வேண்டிய காரியமும் அல்ல.)

எனக்கென்று கட்டிய வீட்டின் சுவர் அப்போது லின்டல்வரை எழும்பியிருந்தது. கூரைக்கு வைத்திருந்த காசையும் என் இரண்டு காப்புகளை விற்ற காசையும் போட்டு 2022 முடிவதற்குள் இரண்டு கருவிகளையும் வாங்கினோம். அடகு வைத்தால் வட்டி என்பதால் வாப்பா விற்றே விட்டார். உம்மும்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "பொம்புளப் புள்ளட காசில கைய வெக்கிறீங்களே" என்று அழுதார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கைக்கூலியும் வீடும் கேட்கும் ஊரில் அவர் பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்த வீடு வேண்டும். ஆனால் சுவர் நான்கு வருடமாக அப்படியே நிற்கிறது. பாசி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இனியும் கட்டலாம்.

கருவியை வாங்குவதோடு செலவு முடிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சேமிக்க வேண்டிய காலம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. காதுக்குள் பொருந்தும் அச்சு இருக்கிறதே, அது பிள்ளை வளர வளரச் சின்னதாகிவிடும். அச்சு தளர்ந்தால் கருவி விசில் அடிக்கும், பிள்ளை கழற்றி எறிவான். சின்னப் பிள்ளைக்கு ஒரு வருடத்திலேயே பல தடவை புதிய அச்சு எடுக்க வேண்டி வரும். பட்டரி இன்னொரு செலவு. தம்பியினது ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் இலக்கப் பட்டரி. ஒன்று இரண்டு வாரம்கூட நிற்காது. ஸ்டிக்கரை உரித்தால் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும் பட்டரி அது. திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. உரித்துச் சில நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். இரவில் பட்டரிக் கதவைத் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் பைக்கற் போட்ட டப்பாவுக்குள் கருவியை வைக்கிறோம். எங்கள் கடற்கரைக் காற்றுக்கும் வியர்வைக்கும் அது இல்லாவிட்டால் கருவி பழுதாகிவிடும். பழைய பட்டரியைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவற்றில் மிச்சம் பிடிக்கப் போனால் வாங்கிய கருவியே வீண். பட்டரியைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைக்குக் கருவியைப் பாடசாலை நேரத்தில் மட்டும் போடும் வீடுகள் உண்டு. அது அரைநாள் மட்டும் பிள்ளையோடு பேசுவது போல. மலிவு என்று விற்கும் சத்தம் கூட்டும் மெஷின்களும் அப்படித்தான். அவை பிள்ளையின் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டவை அல்ல, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டிவிடும்.

உண்மையில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் பயணம். கிளினிக், பேச்சுப் பயிற்சி, அச்சு எடுப்பது மூன்றையும் ஒரே நாளில் முடிக்கக் கேட்டால் பல நேரம் ஒத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் பஸ் காசோடு வாப்பாவின் நாட்கூலியும் ஒவ்வொரு தடவையும் போகும். வீட்டுப் பயிற்சிக்குச் செலவே இல்லை. உம்மா தையல் மெஷினுக்கு எதிரே தம்பியை உட்கார வைத்து, முகம் பார்த்து, "நூல்", "ஊசி", "சிவப்பு" என்று பேசிக்கொண்டே தைப்பார்.

இன்னொன்றையும் பெற்றோர்களிடம் கேட்க விரும்புகிறேன். ஸகாத் நிதியிலிருந்து தையல் மெஷின் கொடுக்கிறோம், வீட்டுக் கூரை போட்டுக் கொடுக்கிறோம். நல்ல காரியங்கள். வறிய வீட்டுப் பிள்ளை ஒன்றின் ஒரு வருடப் பட்டரிச் செலவையும் அச்சுச் செலவையும் அந்தப் பட்டியலில் ஏன் சேர்க்கக் கூடாது? திறப்பு விழா வைத்துப் படம் எடுக்க முடியாத உதவி என்பதாலா?

தம்பி இப்போது இரண்டாம் தரம். "ராத்தா" என்பதில் "ரா" இன்னும் சரியாக வராது. கருவிகளுக்கு வருகிற வருடம் ஐந்து வயதாகிறது. ஏறக்குறைய அவ்வளவுதான் அவற்றின் ஆயுள் என்கிறார்கள். உம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு பத்துப் பேர் சீட்டுக் கட்டுகிறார். எங்களுக்கு ஒன்பதாவது மாதம் விழும். அது அடுத்த சோடிக் கருவிகளுக்கு.