இன்னைக்கு ஞாயிறு அம்மா, பெரட்டு இல்லை

விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் அம்மா எழும்பிவிடுவார். இருட்டில் தடவிப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையைத் தேடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கணக்கப்புள்ள பேர் போடமாட்டாரு" என்று கதவைத் தட்டுவார். அம்மா வேலையை விட்டு 15 வருடங்களுக்கு மேலாகிறது. அந்தக் கணக்கப்பிள்ளையும் இப்போது உயிரோடு இல்லை.

சில நாட்களில் என்னையே யாரென்று தெரியாது. "அக்கா, கோச்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். பெரியம்மாவின் குடும்பம், 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை நம்மவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். காலையில் குடித்த தேத்தண்ணி அம்மாவுக்கு மறந்துபோகிறது. அக்காவை ஏற்றிக்கொண்டு போன கோச்சி மட்டும் மறக்கவில்லை.

இதை முதலில் நாங்களும் "வயசானா அப்படித்தான்" என்றே விட்டோம். லயத்தில் சிலர் செய்வினை என்றார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டினோம். கிளினிக்கில்தான் இது மூளையைப் பாதிக்கும் நோய், டிமென்சியா என்று தெரிந்தது. இதை முழுவதுமாகக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. ஆனால் தைரொயிட் குறைபாடு, விட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவையும் இதேபோல மறதியைக் கொடுக்கலாம். திடீரென்று குழம்பிப் பேசினால் சிறுநீரில் கிருமித் தொற்றும் காரணமாக இருக்கலாம். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. அதனால் கயிறு கட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இனி நான் சொல்லப்போவது வெட்கமான விடயம். ஒருநாள் மழையில் நனைந்து, நிறை குறைந்து, அரைப்பேரோடு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகளுக்கு வைத்திருந்த சோற்றை அம்மா அடுப்புச் சாம்பலில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். அவரது கையில் ஓங்கி அடித்துவிட்டேன். அம்மா அழவில்லை. "யாரு புள்ள நீ, ஏன் என்னைய அடிக்கிற?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. இந்தக் கையைப் பிடித்து மலையில் கொழுந்து எடுக்கப் பழக்கியவர் அவர்.

பல வீடுகளில் இது நடக்கிறது. யாரும் வெளியில் சொல்வதில்லை. இரவில் தூக்கமில்லை, பகலில் மலை, மாலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு. இந்த நிலையில் கோபம் வருவதால் நாம் கெட்ட பிள்ளைகளாகிவிடமாட்டோம். ஆனால் கோபம் கைக்கு வருமுன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

எனக்கு வழிகாட்டியவர் பக்கத்துக் காம்பரா அக்காதான். அம்மா கதவைத் தட்டும்போது நான், "உனக்கு வேலையே இல்லை, பென்ஷன் எடுத்தாச்சு" என்று சண்டை பிடிப்பேன். அக்கா வந்து, "இன்னைக்கு ஞாயிறும்மா, பெரட்டு இல்லை" என்றார். அம்மா உடனே படங்கை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் படுத்தார். பொய் சொல்கிறோமே என்று முதலில் மனம் உறுத்தியது. இப்போது இல்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு வாரத்தில் ஏழு நாளும் ஞாயிறாக இருந்துவிட்டுப் போகட்டும். பகலில் ஒரு கைப்பிடி இலையைக் கொடுத்தால் முற்றலை ஒதுக்கி, கொழுந்தை வேறாக்கி வைக்கிறார். கண்ணுக்கு மறந்தது விரலுக்கு மறக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

ஆண் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவ்வாத்தும் புல்வெட்டும் பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடுகின்றன. நாங்கள் கொழுந்து நிறுத்து இறங்க மாலையாகிறது. அந்த இடைப்பட்ட நேரத்தில் தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் மகன்தான். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி மாதம் பணம் அனுப்புவது நல்லது. மாதம் ஒரு ஞாயிறு வந்து அம்மாவோடு இருந்தால் அதைவிட நல்லது.

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது, "இது வீட்டுப் பிரச்சினை" என்று ஒருவர் சொன்னார். பிள்ளை பெறுவதும் ஒருகாலத்தில் வீட்டுப் பிரச்சினையாகத்தான் இருந்தது. 1939ஆம் ஆண்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்த பிறகு அது தொழிலாளியின் உரிமையாகிவிட்டது. பிள்ளை மடுவம் ஏன் வந்தது? பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லாவிட்டால் தாய் மலைக்கு வரமாட்டாள் என்று தோட்டத்துக்குத் தெரியும். இன்று மகள் மலைக்கு வரமுடியாமல் வீட்டில் நிற்பது தாயைப் பார்க்க. அவள் நிற்கும் ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாள்.

ஆகவே நம் சங்கம் மூன்று விடயங்களைக் கையில் எடுக்க வேண்டும். ஒன்று, பிள்ளை மடுவம் போலப் பகலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஓர் இடமும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் வேண்டும். இரண்டு, பெற்றோரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாளில் வேலைக்கு வந்த நாளாகப் பேர் போட வேண்டும். மூன்று, மனநலக் கிளினிக்குகளில் தமிழில் பேசக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். "இன்று என்ன கிழமை?" என்று வேற்று மொழியில் கேட்டால், நினைவு நன்றாக இருப்பவர்கூட விழிப்பார்.

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இவை நடக்குமா என்று சிலர் கேட்பீர்கள். கேட்காமல் நமக்கு எது கிடைத்தது? இந்த மலையில் ஒவ்வொரு தேயிலைத் தூரையும் நினைவில் வைத்திருந்தவர்கள் நம் தாய்மார். அவர்களது நினைவு போகும்போது, அவர்களை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.